எக்சிமை விட்டு போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாறினால் மெயில் தொலையுமா?

களுவாஞ்சிகுடியில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் கணினிப் பொறுப்பைப் புதிதாக எடுத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே ஒரு பழைய கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடுகிறது. மெயில் சேர்வர் எக்சிம். ஆட்கள் மெயிலைத் திறந்து பார்ப்பது டவ்கொட் வழியாக. நாற்பது பேருக்குக் கணக்கு இருக்கிறது. முன்பு பார்த்துக்கொண்டவர் கட்டாருக்குப் போய்விட்டார். தம்பியின் கேள்வி இது: "எக்சிமின் அமைப்பு எனக்குப் பிடிபடவில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் படித்திருக்கிறேன். எக்சிமை எடுத்துவிட்டு அதைப் போட்டால் இருக்கிற மெயில் எல்லாம் போய்விடுமா? ஒரு சனிக்கிழமையில் முடிக்கலாமா?"

தம்பி, போகாது. ஒரு சனிக்கிழமையில் முடிக்கவும் முடியும். ஆனால் அந்தச் சனிக்கு முன் ஒரு கிழமை நீங்கள் துப்பறிய வேண்டியிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸை நிறுவ இரண்டு நிமிடம் போதும். பழைய எக்சிம் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாமல் என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும். மாறிய பிறகு வருகிற பிரச்சினைகளில் முக்கால்வாசி, அப்படிக் கண்டுபிடிக்காமல் விட்ட ஏதோ ஒன்றால் வருவதுதான்.

கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் வாசிக்கும் ஒலியிலேயே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்; மெயில்டிர் என்ற பெயரின் முதல் எழுத்து மட்டும் பெரியது. ஃபோல்டர் பாதைகளில் சொற்களுக்கு நடுவே சாய்கோடு வரும். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட் அமைப்புப் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

முதலில் உங்கள் காரணத்தைப் பற்றி. எக்சிம் மோசமான மென்பொருள் இல்லை. 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் எழுதத் தொடங்கியது. டெபியன் நீண்ட காலமாக அதைத்தான் தன் இயல்பான மெயில் சேர்வராக வைத்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸை 1998இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி வீட்சா வெனமா வெளியிட்டார். வேலையைச் சிறு சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவு அதிகாரம் மட்டும் கொடுப்பது அதன் அமைப்பு. 2019இலும் 2021இலும் எக்சிமில் பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன என்பது உண்மை. ஆனால் 2023 டிசம்பரில் வெளிவந்த "எஸ்எம்டிபி ஸ்மக்ளிங்" என்ற குறைபாடு எக்சிம், போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில் என்ற இன்னொரு மெயில் சேர்வர் ஆகிய மூன்றையுமே பிடித்தது. எஸ்எம்டிபி என்பது சேர்வர்கள் மெயில் பரிமாறும் முறை. அதனால் "இது பாதுகாப்பு, அது ஆபத்து" என்று நான் சொல்லமாட்டேன். அமைப்புக் கோப்பைத் திறந்தால் உங்களுக்கு விளங்க வேண்டும், இரவு பத்து மணிக்கு ஒன்று உடைந்தால் உங்களால் திருத்த முடிய வேண்டும். உங்கள் காரணம் அதுதான், அது எனக்குப் போதும். மாறுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். வந்து சேர்ந்த மெயில் எக்சிமுக்குள் இல்லை. எக்சிம் தபால்காரர் மாதிரி. கொண்டுவந்து பெட்டியில் போடுவதோடு அதன் வேலை முடிந்தது. மெயில் கிடப்பது ஒவ்வொருவரின் வீட்டு ஃபோல்டரில் உள்ள மெயில்டிர் என்ற இடத்தில், அல்லது வார் மெயில் ஃபோல்டரில் ஆளுக்கொரு கோப்பாக. எது என்று அறிய "டவ்கோன்ஃப் மெயில் லொகேஷன்" என்று கேளுங்கள், டவ்கொட் சொல்லும். எக்சிமை எடுத்தாலும் அது அசையாது.

வழியில் இருக்கிற மெயிலும் சுலபத்தில் தொலையாது. ஒரு சேர்வர் இன்னொன்றுக்கு மெயில் கொடுக்கும்போது, வாங்குகிறவர் 250 (ஏற்றுக்கொண்டேன்) என்ற பதிலைச் சொன்ன பிறகுதான் பொறுப்பு கை மாறுகிறது. அதுவரை அனுப்பியவரே தன் வரிசையில் வைத்திருப்பார். உங்கள் சேர்வர் பதில் சொல்லாவிட்டால் திரும்பத் திரும்ப முயல்வார். குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி விதி. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான கணக்கும் 5 நாள்தான். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் இப்பக்கத்துச் சிறு சேர்வர்களுக்கு மெயில் பிந்தி வந்து சேர்ந்தது இதனால்தான். மாரி வெள்ளத்தில் கேபிள் அறுந்து இரண்டு நாள் இணைப்பு இல்லாமல் போனாலும் இதே கதை. ஆகவே நீங்கள் அரைநாள் சேர்வரை மூடி வைத்தாலும் குடி மூழ்காது. வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் குறியீடு மாதிரியான அவசர மெயில்தான் அந்த நேரத்தில் பிந்திப் பயனற்றுப் போகலாம். அதற்காகத்தான் கந்தோர் பூட்டியிருக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். சனியை விடப் போயா (முழுநிலா விடுமுறை) நாள் நல்லது, வங்கியும் பூட்டு. காத்தான்குடி, சாய்ந்தமருது பக்கத்துக் கந்தோர் என்றால் வெள்ளி பின்னேரத்தையும் பார்க்கலாம்.

உண்மையில் தொலையக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: எக்சிமின் வரிசை. வாங்கி 250 சொல்லிவிட்டது, ஆனால் இன்னும் மறுபக்கம் போகவில்லை. அப்படிப்பட்ட மெயில்கள் வார் ஸ்பூல் எக்சிம்4 ஃபோல்டரில் கிடக்கும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அந்த வடிவம் தெரியாது. எடுத்துப் போய்த் தன் வரிசையில் போட்டுக்கொள்ளாது. ஆகவே மாறுவதற்கு முன் அதை வெறுமையாக்க வேண்டும். வெளி மெயில் உள்ளே வரும் வாசல் 25ஆம் போர்ட்; ரவுட்டரில் அதை உள்ளே வராமல் மூடுங்கள். "எக்சிம் கழித்தல்-பிபி" என்று கொடுத்தால் வரிசை தெரியும். "எக்சிம் கழித்தல்-கியூஎஃப்எஃப்" கொடுத்தால் உறைந்து கிடப்பவை உட்பட எல்லாவற்றையும் இன்னொரு தடவை அனுப்பிப் பார்க்கும். மிஞ்சுகிறவை பெரும்பாலும் எரிதம் (ஸ்பாம்) அனுப்பியவர்களின் பொய் முகவரிக்குத் திரும்பப் போகப் பார்க்கும் மெயில்கள். அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டாம். நடுவில் உண்மையான மெயில் ஒன்றிரண்டு இருந்தால், அனுப்பியவரைக் கூப்பிட்டுத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். நாற்பது பேர் உள்ள இடத்தில் அது ஒரு தேநீர் குடிக்கிற நேர வேலை.

சரி, அந்த ஒரு கிழமைத் துப்பறிதல். ஈடிசி எக்சிம்4 ஃபோல்டரில் "அப்டேட் எக்சிம்4 டொட் கோன்ஃப் டொட் கோன்ஃப்" என்று ஒரு சிறிய கோப்பு இருக்கும். டெபியன் கேட்ட கேள்விகளுக்கு உங்களுக்கு முன்னிருந்தவர் சொன்ன பதில்கள் அதில்தான் இருக்கின்றன. அதைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் போஸ்ட்ஃபிக்ஸில் எது ஈடு என்று பக்கத்தில் எழுதுங்கள். எந்த டொமைன்களுக்கு மெயில் வாங்குகிறது, அது "மைடெஸ்டினேஷன்". எந்தக் கணினிகள் கடவுச்சொல் இல்லாமல் இதன் வழியாக அனுப்பலாம், அது "மைநெட்வேர்க்ஸ்". வெளியே போகும் மெயிலை வேறொரு சேர்வரிடம் ஒப்படைக்கிறதா, அது "ரிலேஹோஸ்ட்".

இதில் மைநெட்வேர்க்ஸ்தான் கை கவனம். கந்தோரில் போட்டோகொப்பி மெஷின் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புகிறதா என்று பாருங்கள். அனேகமான மெஷின்கள் கடவுச்சொல் இல்லாமல் 25ஆம் போர்ட்டுக்கே வந்து கொடுக்கும். எக்சிமில் அதற்கு அனுமதி இருந்திருக்கும், யாருக்கும் நினைவிருக்காது. மாறிய மறுநாள் "ஸ்கேன் வேலை செய்யவில்லை" என்று வருவார்கள். அந்த மெஷினின் ஐபி முகவரியை மட்டும் சேருங்கள். வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் எல்லா முகவரியையும் திறந்துவிட்டால், உலகத்தில் உள்ள எரிதக்காரர் எல்லாம் உங்கள் சேர்வர் வழியாக அனுப்புவார்கள், உங்கள் டொமைன் தடைப் பட்டியலில் ஏறும். அதிலிருந்து பெயரை மீட்பது மிகவும் கஷ்டம்.

ரிலேஹோஸ்ட் வைத்திருக்கிறீர்கள் என்றால் மூன்று இடத்தில் கால் இடறும். எக்சிம் கோப்பில் சேர்வர் பெயருக்கும் 587 என்ற போர்ட் எண்ணுக்கும் நடுவே இரட்டை முக்காற்புள்ளி, அதாவது நான்கு புள்ளி இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு 587. கொப்பி பண்ணி ஒட்டினால் வேலை செய்யாது. அடுத்தது, டெபியனில் "லிப்சாசல்2 மொட்யூல்ஸ்" என்ற பொதி இல்லாவிட்டால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உறுதிப்படுத்தும் முறை எதுவும் இல்லை என்று லொக்கில் (சேர்வரின் பதிவுக் குறிப்பில்) எழுதும். மூன்றாவது, வெறும் கடவுச்சொல் முறைகளைப் போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே மறுக்கும். டிஎல்எஸ் மறையாக்கம் கட்டாயம் என்று வைத்துவிட்டு, "எஸ்எம்டிபி சாசல் செக்யூரிட்டி ஒப்ஷன்ஸ்" என்பதில் நோஅனோனிமஸ் மட்டும் விடுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் நான் ஒரு முழு இரவு முழித்திருந்திருக்கிறேன், அதனால் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அப்புறம் ஏலியாசஸ் கோப்பு, அதாவது எந்தப் பெயருக்கு வரும் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல். எக்சிம் அந்த எழுத்துக் கோப்பை நேரடியாக வாசிக்கும். நீங்கள் திருத்திச் சேமித்தால் அந்த நொடியே செல்லும். போஸ்ட்ஃபிக்ஸ் அதிலிருந்து செய்த தரவுக் கோப்பைத்தான் பார்க்கும். ஒவ்வொரு தடவை திருத்திய பிறகும் "நியூஏலியாசஸ்" என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பழைய பட்டியலே ஓடிக்கொண்டிருக்கும், பிழைச் செய்தியும் வராது. அதே நேரம் ஒவ்வொருவரின் வீட்டு ஃபோல்டரிலும் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் "டொட் ஃபோர்வேர்ட்" என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். சாதாரண முகவரி எழுதியிருந்தால் இரண்டு சேர்வரிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். முதல் வரியில் "எக்சிம் ஃபில்டர்" என்று இருந்தால் அது எக்சிமின் சொந்த மொழி, போஸ்ட்ஃபிக்ஸுக்கு விளங்காது. அந்த வேலையை, மெயிலை வகைப்படுத்தும் டவ்கொட்டின் சீவ் வசதிக்கு மாற்றி எழுத வேண்டும்.

பெட்டி எங்கே என்பதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் என்னைச் சுட்ட நெருப்பு இது. சில வருடங்களுக்கு முன் கல்முனையில் ஓர் அலுவலகத்துக்கு இதே மாற்றத்தைச் செய்து கொடுத்தேன். மறுநாள் காலை எல்லோரும் கூப்பிட்டார்கள்: பழைய மெயில் எல்லாம் இருக்கிறது, புதிது ஒன்றுகூட இல்லை. லொக்கில் எல்லாமே அனுப்பியாயிற்று என்று இருந்தது. மெயில் எல்லாம் வார் மெயில் ஃபோல்டரில் பத்திரமாகக் கிடந்தது. டவ்கொட் பார்த்துக்கொண்டிருந்ததோ மெயில்டிரை. "ஹோம் மெயில்பொக்ஸ்" என்ற வரியை நான் எழுதவே இல்லை. அதை எழுதும்போதும் மெயில்டிர் என்ற பெயருக்குக் கடைசியில் ஒரு சாய்கோடு கட்டாயம் வேண்டும். அது இருந்தால்தான் மெயிலுக்கொரு கோப்பாகப் பிரித்துப் போடும். இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஒரே கோப்பு என்று நினைத்து எழுதப் போய், ஃபோல்டர் இருப்பதைக் கண்டு நின்றுவிடும். அன்றைக்கு மெயில் தொலையவில்லை, பிறகு எடுத்துச் சேர்த்தும் கொடுத்தேன். ஆனால் அந்த அரைமணி நேரம் அந்த அலுவலகத்துப் பெரியவரின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் உங்கள் பயத்தைச் சின்னப் பயம் என்று நான் எண்ணவில்லை.

இன்னொன்று உங்கள் மாதிரிக் கந்தோருக்கு நிச்சயம் வரும். ஒரு மெயிலின் அளவுக்கு எக்சிமின் இயல்பான எல்லை 50 எம்பி; போஸ்ட்ஃபிக்ஸில் 10240000 பைட், கிட்டத்தட்ட 10 எம்பி. இணைப்புக் கோப்பு மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால், ஏழரை எம்பி கோப்பே எல்லையைத் தொட்டுவிடும். உறுப்பினர் விண்ணப்பங்களை ஸ்கேன் செய்து கட்டுக்கட்டாக அனுப்புகிற இடத்தில் முதல் நாளே திரும்பி வரும். "மெசேஜ் சைஸ் லிமிட்" என்பதை 26214400 ஆக்குங்கள், அது 25 எம்பி. அதற்கு மேல் கூட்டி அதிகப் பயன் இல்லை. ஜிமெயில் வழியாக அனுப்புவோருக்கும் அதுதான் எல்லை. "மெயில்பொக்ஸ் சைஸ் லிமிட்" இதைவிடச் சிறிதாக இருந்தால் மெயில் பட்டுவாடாவே நடக்காது. அதன் இயல்பான அளவு 51200000 என்பதால், யாரும் கை வைக்காதவரை பிரச்சினை இல்லை.

மெயில் உங்கள் டொமைனில் இருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பம் போடுகிறீர்களா என்றும் பாருங்கள். எக்சிம் அதைத் தானே போடும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அந்த வேலை தெரியாது, ஓப்பன்டிகேஐஎம் மாதிரி இன்னொரு நிரலை இணைக்க வேண்டும். பழைய சாவிக் கோப்பையும், அந்தச் சாவியைச் சுட்டும் பழைய செலக்டர் பெயரையும் அப்படியே கொடுத்தால், டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் ஒன்றும் மாற்ற வேண்டாம். மறந்துவிட்டால் மெயில் போகும், ஆனால் எரிதப் பெட்டிக்குள் விழத் தொடங்கும். பல நாள் கழித்துத்தான் யாராவது சொல்வார்கள்.

ஆட்கள் தொலைபேசியிலிருந்தும் வீட்டிலிருந்தும் அனுப்புவது 587ஆம் போர்ட்டில். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் அந்த வரிகள் தொடக்கத்தில் # குறி போட்டு அடைத்து வைக்கப்பட்டிருக்கும், குறியை எடுத்துத் திறந்துவிடுங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வேலையை டவ்கொட்டிடமே கொடுக்கலாம். டவ்கொட்டின் "10 மாஸ்டர்" என்ற கோப்பில், போஸ்ட்ஃபிக்ஸ் அதனோடு பேசுவதற்கான சொக்கெட் வரியும் அதே மாதிரித் தயாராக அடைத்து வைத்திருக்கும். கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிப் பார்ப்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஓடுகிறதென்றால் அதில் எக்சிம் பெயரை எடுத்துவிட்டுப் போஸ்ட்ஃபிக்ஸைப் போடுங்கள். டெபியன் 12இல் லொக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லொக் நிரல் தானாக வராததால் மெயில் லொக் என்ற கோப்பே இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் ஜேர்னல்சிடிஎல் என்ற கட்டளை வழியாகப் பாருங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் அந்த நாள். எக்சிம்4, டவ்கொட் ஃபோல்டர்கள், ஏலியாசஸ், மெயில்நேம், எக்சிமின் ஸ்பூல், எல்லோரின் மெயில் பெட்டி அனைத்தையும் ஒரு வெளி டிஸ்கில் பிரதி எடுங்கள். வரிசையை வெறுமையாக்குங்கள். "ஆப்ட் இன்ஸ்டோல் போஸ்ட்ஃபிக்ஸ்" என்று கொடுத்தால் எக்சிம் பொதிகளை நீக்கப் போகிறேன் என்று சொல்லும். பயப்பட வேண்டாம்: டெபியனில் ஒரு நேரத்தில் ஒரு மெயில் சேர்வருக்குத்தான் இடம், அதனால் தானாக மாற்றுகிறது. அது "ரிமூவ்" மட்டும்தான், எக்சிமின் அமைப்புக் கோப்புகள் அப்படியே கிடக்கும். ஏதாவது முற்றாகச் சரிவரவில்லை என்றால் "ஆப்ட் இன்ஸ்டோல் எக்சிம்4" என்று கொடுத்தால் பழைய அமைப்போடு திரும்பி வரும். "பர்ஜ்" என்று கொடுத்தால் அந்த அமைப்புக் கோப்புகளும் அழிந்துவிடும், அதனால் அந்தச் சொல்லை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

உங்களிடம் ரெட்ஹெட் வகை லினக்ஸ் இருந்திருந்தால் கதை வேறு. அங்கே இரண்டையும் சேர்த்து நிறுவிவிட்டு "ஓல்டர்நேட்டிவ்ஸ்" கட்டளையால் எம்டிஏ (மெயில் சேர்வர்) எது என்று தெரிவு செய்யலாம். ஆனால் அது சென்ட்மெயில் என்ற கட்டளை எதைச் சுட்டுகிறது என்பதை மட்டும்தான் மாற்றும். பழைய சேவையை நிறுத்திப் புதியதைத் தொடங்குவது உங்கள் வேலை. சென்ட்மெயில் என்பது எரிக் ஆல்மன் 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் எழுதிய நிரலின் பெயர். பிஎச்பி முதல் கிரொன் வரை எல்லாம் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுகின்றன. எக்சிமும் போஸ்ட்ஃபிக்ஸும் அதே பெயரில் தங்கள் கதவை வைத்திருப்பதால், உங்கள் கணக்கு மென்பொருளில் ஒரு வரியும் மாற்றத் தேவைப்படாது.

நிறுவியதும் போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய அமைப்புக் கோப்பான மெயின் கோப்பில் "சொஃப்ட் பவுன்ஸ்" என்பதை யெஸ் ஆக்குங்கள். இதைப் பலர் சொல்லிக் கொடுப்பதில்லை. உங்கள் அமைப்பில் பிழை இருந்து ஒரு மெயிலை மறுக்க நேர்ந்தால், "இந்த முகவரியே இல்லை" என்று நிரந்தரமாகத் திருப்பாமல் "பிறகு வா" என்று சொல்லும். அனுப்பியவர் வைத்திருந்து திரும்ப முயல்வார், நீங்கள் அதற்குள் திருத்திவிடலாம். பிறகு "போஸ்ட்ஃபிக்ஸ் செக்" கொடுங்கள். உள்ளுக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பாருங்கள், வெளியே ஜிமெயிலுக்கு அனுப்புங்கள், கடைசியாக ரவுட்டரில் 25ஐத் திறந்து ஜிமெயிலில் இருந்து உள்ளே அனுப்புங்கள். தொலைபேசியின் மொபைல் டேட்டாவில் இருந்து, கடவுச்சொல் இல்லாமல் வேறு டொமைனுக்கு அனுப்ப முயன்று, மறுக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு மூன்று வேலை நாள் லொக் சுத்தமாக இருந்தால் சொஃப்ட் பவுன்ஸை எடுத்துவிடுங்கள். அதை அப்படியே விட்டால், இல்லாத முகவரிக்கு எழுதியவருக்குப் பல நாள் கழித்துத்தான் பதில் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல ஆசை. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே தமிழ் எழுத்தில் அமைந்த மெயில் முகவரிகளை ஏற்கும். டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் டொமைன் நமக்கு 2010 முதல் இருக்கிறது. சங்கத்துக்கு அப்படி ஒரு முகவரி இருந்தால், ஆங்கில எழுத்துக்குத் தயங்கும் அம்மாமார் ஒரு கடிதம் அனுப்ப எவ்வளவு சுகமாக இருக்கும்! ஜிமெயிலும் 2014 முதல் இத்தகைய முகவரிகளோடு பேசும். ஆனால் பெட்டி வரை உள்ள ஒவ்வொரு படியும் இதை அறிந்திருக்க வேண்டும், ஒன்று மறுத்தாலும் மெயில் திரும்பிவிடும். மாற்றம் முடிந்து இரண்டு மாதம் போகட்டும், அப்போது தனியாக ஒரு சோதனைக் கணக்கில் பார்க்கலாம்.

இப்போதைக்கு அந்தச் சிறிய எக்சிம் கோப்பையும், "டவ்கோன்ஃப் கழித்தல்-என்" கொடுக்கும் விடையையும், ஏலியாசஸ் பட்டியலையும் கடவுச்சொற்களை அழித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். கல்லடியில்தான் இருக்கிறேன். அடுத்த போயாவுக்கு முன் ஒரு பின்னேரம் வாருங்கள், மெயின் கோப்பை இரண்டு பேரும் சேர்ந்து எழுதிவிடலாம்.